இழையங்களில் ஏசிஇ2 ஏற்பியின் வெளிப்பாடு

ஏசிஇ2 என்பது மனித உயிரணுக்களின் மேற்பரப்பில் காணப்படும் ஒரு நொதியம் ஆகும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின்-2 என்னும் பொருளைச் சிதைப்பது இதன் இயல்பான பணி. 2000 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இந்நொதியம், சார்ஸ் தீநுண்மத்தின் ஏற்பியாகவும் செயற்படுவது 2003 இல் அறியப்பட்டது. கோவிட்-19 நோயின் தீநுண்மமும் இதனைப் பற்றியே உயிரணுவினுள் நுழைகிறது.

வெளிப்பாட்டின் அளவு

மரபணுவில் உள்ள செய்தியைக் கொண்டு ஆர்.என்.ஏ.வும் புரதமும் உருவாக்கப்படுவது மரபணு வெளிப்பாடு எனப்படும். ஏசிஇ2 மரபணு எக்ஸ் நிறப்புரியில் அமைந்துள்ளது. அதன் வெளிப்பாடு இழையத்துக்கு இழையம் வேறுபடுகிறது.

* மிகுதி: சிறுகுடல், சிறுநீரகம், விந்தகம், பித்தப்பை
* இடைநிலை: இதயம்
* குறைவு: நுரையீரல்

நுரையீரல்

மேற்கண்டவை இழையம் முழுமைக்குமான சராசரி அளவுகள். நுரையீரலில் இரண்டாம் வகை நுண்ணறை உயிரணுக்களுள் சிலவற்றிலேயே இவ்வேற்பி காணப்படுவதால் சராசரி குறைகிறது. ஆயினும் நுண்ணறைகள் சுருங்கி மூடிவிடாமல் காக்கும் பொருளைச் சுரப்பவை இவ்வகை உயிரணுக்களே. இவை பெருமளவில் அழியுமாயின் மூச்சுத்திணறல் உண்டாகும்.

நோய்த்தொற்றுடன் தொடர்பு

ஏற்பியின் அளவை மட்டும் கொண்டு நோய் தாக்கும் இடத்தைக் கணிக்க இயலாது. தீநுண்மம் அவ்விடத்தை அடைய வழி இருத்தல் வேண்டும். அதன் கூர்ப்புரதத்தை வெட்டும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 போன்ற நொதியங்களும் உதவுகின்றன. மூச்சுக்காற்று முதலில் படும் மூக்கின் உட்படலத்தில் ஏற்பியும் அந்நொதியமும் ஒருங்கே உள்ளன. எனவே, சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் ஏற்பி மிகுந்திருந்தும், தொற்று பெரும்பாலும் மூக்கிலேயே தொடங்குகிறது.