நாளுக்கு 1 லட்சம் முறை இழுபடும் இதயம்... கிழிஞ்சு போகாதது ஏன்?

மீஞ்சூரைத் தாண்டி பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனால், மீன் நிறைந்த வலையைப் படகுக்குள் இழுத்துப் போடும் மீனவர்களைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் அவர்களின் இதயம் படு வேகமாகத் துடிக்கும். சாதாரணமாகவே இதயத் தசை நாளுக்கு சுமார் 1 லட்சம் முறை சுருங்கி விரிகிறது. இவ்வளவு இழுபட்டும் அந்தத் தசை செல்கள் எப்படித் தாங்குகின்றன?

வலை மாதிரிதான்!

வலையில் பாரம் ஒரே கண்ணியில் விழாது. எல்லாக் கண்ணிக்கும் பிரிந்து போகும். இதய செல்லுக்குள் இந்த வேலையைச் சில புரதங்கள் செய்கின்றன.

• டைட்டின்: மனித உடலின் மிகப்பெரிய புரதம். ஸ்பிரிங் மாதிரி செயல்பட்டு, செல் அளவுக்கு மீறி நீளாமல் பிடித்துக்கொள்ளும்.

• டெஸ்மின்: தசை இழைகளைப் பக்கத்து இழைகளோடு கட்டி, வரிசை கலையாமல் வைக்கும்.

• டிஸ்ட்ரோபின்: செல்லின் உள்சட்டத்தை வெளிச்சவ்வோடு இணைக்கும். இது இல்லாவிட்டால் சவ்வு எளிதில் சேதமாகும்.

• மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி: தடித்த இழைகளைச் சீராக வைத்து, இதயம் சுருங்குவதைக் கட்டுக்குள் வைக்கும்.

இந்தியர்களுக்கு என்ன சிக்கல்?

பட்டியலில் கடைசியாக உள்ள புரதத்துக்கான மரபணுவின் பெயர் எம்ஒய்பிபிசி3. இதில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், தெற்காசியர்களில் 100க்கு சுமார் 4 பேரிடம் இருப்பதாக 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஆய்வு வெளியானது. ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ், பி.எஸ்.தண்டபாணி உள்ளிட்டோர் இதில் பங்கேற்றனர். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு.

அப்போ பயப்படணுமா?

வேண்டாம். இந்த மாற்றம் உள்ள பலருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. பின்னர் வந்த ஆய்வுகள், இதனுடன் சேர்ந்து வரும் வேறு மரபணு மாற்றங்களே சிலருக்கு ஆபத்தைக் கூட்டுவதாகக் காட்டுகின்றன.

எப்போது உஷாராகணும்?

குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, கடினமாக உழைக்கும்போது மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, படபடப்பு வந்தாலோ, 'வெயில்ல நின்னதால வந்திருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. இசிஜி, எக்கோ பரிசோதனைகளில் இதயத் தசை தடித்திருக்கிறதா, பலவீனமாக இருக்கிறதா எனத் தெரிந்துவிடும். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வலையில் ஒரு கண்ணி அறுந்ததுமே உட்கார்ந்து தைத்துவிடுவார்கள் மீனவர்கள். இதயத்தின் இழைகளை அப்படித் தைக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால், மருந்து, மாத்திரையால் உயிரைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.