ஈ-க்கு ஒரு சிவப்பு பலூன்

மேசையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பலூன் ஆடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மூன்று மாணவர்கள், அவர்களுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒருவன் தட்டுகிறான், ஒருத்தி தாளில் கணக்குப் போடுகிறாள், இன்னொருவன் நகத்தைக் கடிக்கிறான். ஐ.சி.பி.சி. பாணி நிரல் போட்டி இப்படித்தான் இருக்கும். ஐந்து மணி நேரம், பத்துப் பன்னிரண்டு கணக்குகள், கணக்குக்கு ஓர் ஆங்கில எழுத்து, ஒரு நிறம். விடை சரியென்று நடுவர் மென்பொருள் ஒப்புக்கொண்டால் அந்த நிறத்தில் ஒரு பலூன் மேசைக்கு வரும். 1970-இல் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முளைத்த போட்டி இது. கொல்லம் பக்கத்து அமிர்தபுரியில் நடக்கும் இந்தியச் சுற்று வரைக்கும் அதன் கிளை படர்ந்திருக்கிறது.

அந்தப் பலூன் மேசைக்கு வந்த வழி நீளமானது. பிரேசிலிலிருந்து 1876-இல் ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன சுமார் 70,000 ரப்பர் விதைகளில் கொஞ்சம் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. பிறகு மலாயாவில் பார்த்த இடமெல்லாம் பால்மரக் காடு. எங்கள் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறிக் 'கொண்டுவிற்க', அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் செட்டியார்கள் அங்கே கடன் கொடுத்தார்கள், தோட்டமும் வாங்கினார்கள். அவர்கள் கடை போட்ட கிட்டங்கியில் மேலாளும் அடுத்தாளும் பேரேடு எழுத, தோட்டத்தில் இருட்டோடு எழுந்து மரம் சீவியவர்கள் தமிழ்க் கூலிகள். விடியுமுன் சீவினால்தான் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற ஒழுக்கு குறைந்துவிடும்.

கோட்டையூர் அழகப்பச் செட்டியாருக்கும் (1909–1957) மலாயாவில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. காரைக்குடியில் அவர் நிறுவியவை 1947-இல் கலைக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, அவர் மறைந்து பல காலம் கழித்து 1985-இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகம். அந்தக் கல்லூரிகளின் வளாகத்தில் யாராவது பலூன் ஊதினால் எனக்கு அந்தப் பால்மரம் ஞாபகம் வந்துவிடும். கொஞ்சம் அதிகம்தான், ஊர்ப் பாசம்.

பலூன் மலாயாத் தோட்டங்களுக்கும் மூத்தது. முதல் ரப்பர் பலூனை 1824-இல் மைக்கேல் ஃபாரடே செய்தது ஹைட்ரஜனை அடைத்துப் பார்க்க. இரண்டு ரப்பர்த் தாள்களின் விளிம்பை ஒட்டி, உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவு தூவினார். இன்று அம்மோனியா கலந்த ரப்பர்ப் பாலில் கந்தகமும் சாயமும் சேர்த்து, அச்சை முக்கி எடுத்து, வாய் விளிம்பைச் சுருட்டி, சூட்டில் பதப்படுத்துகிறார்கள்.

தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வருவதில் சொல்ல ஒன்றுமில்லை. வம்பெல்லாம் கடையில் ஆரம்பிக்கிறது. கடைக்காரர் தருவது கலர் கலந்த பாக்கெட். நமக்கு வேண்டியது பன்னிரண்டு நிறம், தனித்தனியாக. 60 அணி என்றால் எளிய கணக்கின் நிறத்தில் 60-க்கு மேல் வேண்டும், கடினமான கணக்குக்கு ஐந்தாறு போதும். எது எளிது என்பதை ஆசிரியர் கணிப்பதும் மாணவர் முடிப்பதும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஆகவே எல்லாவற்றிலும் கூடுதலாக வாங்குவதே நல்லது. முந்தின இரவே ஊதி வைத்தால் காலையில் தோல் மங்கியிருக்கலாம், சிலது தளர்ந்தும் போகலாம். அன்று காலை சைக்கிள் பம்ப்போடு நாலு பிள்ளைகள் உட்கார வேண்டும்.

நான் முதன்முதலாக ஒரு கல்லூரியில் இப்போட்டியை நடத்தியபோது ஆரஞ்சையும் சிவப்பையும் வாங்கித் தொலைத்தேன். ட்யூப்லைட்டில் இரண்டும் ஒரே நிறம். போட்டி ஆரம்பித்து இருபது நிமிடம். 'பி' கணக்கு முடித்த அணிக்கு ஆரஞ்சு போக வேண்டும். எந்த அணி, எந்தக் கணக்கு என்ற சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிய பையன் சிவப்பைக் கட்டிவிட்டு வந்தான். சிவப்பு, 'ஈ' கணக்கு. அன்றைய கணக்குகளிலேயே முரட்டுத்தனமானது.

பலூன் அலங்காரம் இல்லை, சேதி. எந்தக் கணக்கு மசியும் என்பதை அரங்கமே பலூனைப் பார்த்தும் படிக்கும். அடுத்த அரை மணியில் பாதி அணிகள் 'ஈ' மேல் பாய்ந்தன. தப்பான விடைகள் குவிந்தன. பின்னால் கணக்கு சரியானால், முன்னே அனுப்பிய ஒவ்வொரு தப்புக்கும் இருபது நிமிடம் நேரத்தில் கூடும். நான் போய் சிவப்பை அவிழ்த்து ஆரஞ்சைக் கட்டியபோது ஒரு பெண் தலை நிமிர்ந்து, "சார், முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் 'ஈ'யை ஒரே ஓர் அணி முடித்தது, நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில். இந்த முறை சிவப்பை நானே கட்டினேன்.

அந்த அணிப் பையன்கள் பலூனை விடவில்லை. காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு வந்தார்கள், நான் பின் சீட்டில். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி கேட்டார்: "யாருக்குத் தம்பி பொறந்தநாளு?"

"பொறந்தநாள் இல்லண்ணே, ஈ-க்குக் குடுத்தது."

கண்டக்டர் பலூனையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஈக்கா?" என்றார்.