பை அமுக்கிய மாணவர்கள்

1952 ஆகஸ்ட். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ தலைவிரித்தாடியது. பிளெக்டாம் தொற்றுநோய் மருத்துவமனைக்குச் சில நாட்களில் 50 பேர்கூட வந்து சேர்ந்தார்கள். பலருக்கு விழுங்க முடியவில்லை, மூச்சிழுக்க முடியவில்லை. இருந்த கருவிகளோ உடலை உள்ளே வைத்து மூடும் 'இரும்பு நுரையீரல்' ஒன்று, நெஞ்சில் கவசம்போல் மாட்டுபவை ஆறு. முதல் 3 வாரங்களில் மூச்சுத்தசை முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

வைரஸ் மூளையைத் தாக்கிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்ததை, காரத்தன்மை கூடிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 25 அன்று தலைமை மருத்துவர் லாசன் கூட்டிய ஆலோசனையில் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென் இதை மறுத்தார். நோயாளிகளால் வெளியேற்ற முடியாத கரியமில வாயுவே உள்ளே தேங்கி அவர்களைக் கொல்கிறது என்றார். அறுவை அரங்கில், தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்த பிறகு ரப்பர் பையை அமுக்கி நுரையீரலுக்குக் காற்று செலுத்துவது அவருக்கு அன்றாட வேலை. அதையே வார்டிலும் செய்தால் என்ன?

இரண்டே நாளில் சோதனை. நீலம் பாய்ந்து கிடந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். அவள் திமிறினாள், மூச்சுக்குழாய்கள் இறுகி, காற்று உள்ளே போக மறுத்தது. இப்சென் தயோபென்டால் என்ற மயக்க மருந்தை ஊசியில் போட்டார். திமிறல் அடங்கியது, பை அமுங்கியது, நெஞ்சு எழுந்தது. கரியமில வாயுவின் அளவு இறங்கியது. கவசக் கருவிக்கு மாற்றியபோது மறுபடி ஏறியது. பை அமுக்குவதற்குத் திரும்பியதும் தணிந்தது. இதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சிறுமி பிழைத்தாள்.

ஆனால், நாள் முழுக்கப் பை அமுக்க ஆள்?

மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் வந்தார்கள், சுமார் 1,500 பேர். ஷிஃப்ட் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, இரவும் பகலும் அமுக்கினார்கள். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் இப்படி மாணவர்களின் கையால் மூச்சுவிட்டார்கள். மொத்தம் சுமார் 1,65,000 மணி நேரம்! 87 சதவீதமாக இருந்த இறப்பு ஏறக்குறைய 40 சதவீதமாகக் குறைந்தது.

கொள்ளைநோய் ஓய்ந்தது. இப்சென் ஓயவில்லை. 1953 டிசம்பரில் கோபன்ஹேகன் நகராட்சி மருத்துவமனையில் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். என்ன நோய் என்று பாராமல், உயிருக்குப் போராடுகிறவர்களை ஒரே இடத்தில் சேர்த்து, 24 மணி நேரமும் கண்காணிக்கும் பிரிவு. உலகின் முதல் ஐ.சி.யு. என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

இப்சென் சொன்னது சரி என்பதை ரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்து உறுதிசெய்தவர், பிளெக்டாம் மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் போல் ஆஸ்ட்ரப். அவருடைய அளவீட்டுக் கருவிகளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)