ஜெராய் மலை சொல்லும் வரலாறு



பாடாங் செராய் தோட்டப்புறத்தில் நின்று வடமேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் நீலமாக ஒரு மலை தெரியும். அதுவே ஜெராய் மலை; உயரம் 1,217 மீட்டர்.

சுற்றிலும் சமநிலம் ஆதலால், கடலில் வெகு தொலைவிலிருந்தே இம்மலை தென்படும். வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்கு இதுவே கரைகாட்டி. மலையடியில் மெர்போக் ஆற்றங்கரையில் கப்பல்கள் ஒதுங்கின, வாணிகம் வளர்ந்தது. தமிழர் இந்நாட்டைக் கடாரம் என்றனர். 1025-இல் இராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கியதும் இக்கடாரத்தைத்தான்.

1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், இங்குள்ள புஜாங் பள்ளத்தாக்கை அகழ்ந்து பழைய கோயில்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார்.

இதைக் கேட்டு, இந்நாட்டை நாமே ஆண்டோம் என்று மார்தட்ட வேண்டாம். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட வந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான். ஆயினும், தமிழர் இக்கரைக்குக் கூலிகளாக மட்டுமே வந்தார்கள் என்று நம் பிள்ளைகள் எண்ணித் தலைகுனிய வேண்டியதில்லை. அதற்கு முன்பே வணிகராகவும் வந்தார்கள்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். மெர்போக் அருங்காட்சியக வளாகத்திலேயே புக்கிட் பத்து பகாட் கோயில் இருக்கிறது. மலையேறிப் பழகாதவரும் நடந்து பார்க்கலாம். பிறகு குருன் பக்கத்துச் சாலை வழியே மலைமேல் செல்லலாம். கீழே வயல்வெளி, அப்பால் மலாக்கா நீரிணை. அந்தக் கடலைக் காட்டி, “கப்பல்கள் வந்த வழி இதுதான்” என்று சொல்வோம்.