ஒளியின் பிடியில் உயிர்

ஒளி பொருளைத் தள்ளும் என்றால் வியப்பீர்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஆஷ்கின் என்பார், லேசர் ஒளியால் நுண்மணிகளை 1970-இல் தள்ளிக் காட்டினார். 1986-இல் ஒரே கதிரைக் குவித்து அவற்றைப் பிடித்தும் நிறுத்தினார். பின்னர் பாக்டீரியாக்களைப் பிடித்தார். பச்சை ஒளியின் கடுமை தாங்காது அவை மாண்டன. அவர் தளரவில்லை. உயிரணுக்கள் மிகக் குறைவாக உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளிக்கு மாறினார். 1987-இல் அவ்வொளியின் பிடியிலேயே உயிரணுக்கள் இனம் பெருக்கின!

2018-இல், தம் 96-ஆம் வயதில், இயற்பியல் நோபெல் பரிசில் பாதியைப் பெற்றார். மறுபாதி, மிகுவலிமை லேசர்த் துடிப்புகளுக்கு 1985-இல் வழிகண்ட மூரூ, ஸ்ட்ரிக்லண்ட் இருவர்க்கும் உரியதாயிற்று. கொன்றதும் ஒளியே, வாழவிட்டதும் ஒளியே. ஆற்றலை அடைவதினும் அதனை உயிர்க்கு ஏற்பச் செலுத்துவதே அரிது என, ஆசிரியனாகிய நான் இதனின்று கற்றேன்.