தமிழ்நாட்டுப் பந்தயத் தடங்களும் சக்கர ஒழுங்கமைப்பும்

சக்கர ஒழுங்கமைப்பு (வீல் அலைன்மென்ட்) என்பது ஒரு காரின் நான்கு சக்கரங்களும் தரையோடும் ஒன்றோடொன்றும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று அளந்து பொருத்தும் வேலை ஆகும். சாலைக் காருக்கு இது டயர் தேய்மானத்தைக் குறைக்கும் பராமரிப்பு வேலை. பந்தயக் காருக்கு வளைவில் பிடிமானத்தைக் கூட்டும் வேலை. அன்றாடம் சாலையில் ஓடும் காரையே சில நாட்கள் பந்தயத் தடத்துக்கும் கொண்டுசெல்பவருக்கு இந்த இரண்டும் முரண்படுகின்றன. தமிழ்நாட்டில் சோழவரம், இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் ஆகிய தடங்களில் வளர்ந்த மோட்டார் பந்தயத்தின் பின்னணியில் அந்த முரண்பாட்டையும் அதற்கான தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று கோணங்கள்

கேம்பர்: காரை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு. சக்கரத்தின் மேற்பகுதி காரின் உட்பக்கம் சாய்ந்தால் எதிர்ம கேம்பர், வெளிப்பக்கம் சாய்ந்தால் நேர்ம கேம்பர்.

டோ: காரை மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் திசை. முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கி இருந்தால் டோ-இன், விலகி இருந்தால் டோ-அவுட்.

காஸ்டர்: பக்கவாட்டில் பார்க்கும்போது திசைதிருப்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

குதிரை வண்டியிலிருந்து காருக்கு

இக்கோணங்கள் காருக்கு முன்பே தோன்றியவை. வண்டி திரும்பும்போது உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுவதால் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது. இதற்கான இணைப்பை மியூனிக் நகர வண்டித் தச்சர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் 1817-இல் உருவாக்கினார். 1818-இல் இலண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்ற ருடால்ஃப் ஆக்கர்மன் பெயரே பின்னர் நிலைத்தது.

தொடக்ககாலக் கார்களில் முன்சக்கரங்கள் மேற்பக்கம் வெளியே சாய்ந்து நேர்ம கேம்பருடன் நின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி மேடாக இருந்ததும், ஸ்டீயரிங் சுழல எளிதாக இருக்க வேண்டும் என்பதும் இதற்குக் காரணங்கள். டயர்கள் அகலமாகி வேகமும் கூடியபோது நிலைமை மாறியது. வளைவில் காரின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. அதோடு வெளிச்சக்கரமும் சாய்வதால், டயர் தன் வெளிவிளிம்பில் மட்டும் நிற்கிறது. முன்கூட்டியே சிறிது எதிர்ம கேம்பர் கொடுத்திருந்தால், அந்த நேரத்தில் டயரின் முழு அகலமும் தரையில் படியும். பந்தயக் கார்களின் சக்கரங்கள் உள்நோக்கிச் சாய்ந்து நிற்பதன் காரணம் இதுதான்.

சோழவரம்

1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை இருந்த சோழவரம் அதன் பந்தயக் களமாயிற்று. 1980களின் இறுதி வரை தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் மையமாக விளங்கியது அந்த இடமே. ஓடுபாதை சமதளமானது. நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவில் கூர்மையான திருப்பங்கள் வந்தன.

அங்கு இறக்குமதியான பந்தயக் கார்களும், உள்ளூரில் கட்டிய தனிக் கார்களும், சாலையில் ஓடிய அம்பாசடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவையும் ஓடின. சாலைக் கார்களில் எதை மாற்ற முடியும் என்பது காரின் அமைப்பைப் பொறுத்தது. மூன்றிலும் ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியின் (டை ராடு) திருகைச் சுற்றி முன்சக்கர டோவை மாற்றலாம். ஹெரால்டின் முன்பக்கக் கீழ்க்கை அடிச்சட்டத்தில் பொருந்தும் இடத்தில் வைக்கும் மென்தகடுகளைக் (ஷிம்) கூட்டியோ குறைத்தோ கேம்பரையும் மாற்றலாம்.

இக்காலத்தின் குறுக்கிழை டயர்களின் பக்கச்சுவர் பெரிதும் வளைந்து கொடுத்தது. அவற்றுக்குச் சாலையில் சிறிதளவு டோ-இன் தேவைப்பட்டது. இன்றைய ரேடியல் டயருக்கு அவ்வளவு தேவையில்லை. பழைய கையேட்டின் டோ அளவை இன்றைய டயருடன் பொருத்தினால் தேய்மானம் கூடும்.

ஹெரால்டின் பின்சக்கரம்

கேம்பரின் ஆபத்தான பக்கத்தைக் காட்டும் உதாரணம் சென்னையிலேயே தயாரான கார் ஒன்று. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. அதன் பின்சக்கரங்கள் ஊசல் அச்சு (ஸ்விங் ஆக்சில்) முறையில் அமைந்தவை. சக்கரம் மேலும் கீழும் நகரும்போது அதன் கேம்பரும் பெருமளவில் மாறும். வளைவில் வேகமாகச் சென்று, இடையில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், காரின் பின்பகுதி உயரும். வெளிச்சக்கரம் காருக்கு அடியில் மடிவதுபோல் நேர்ம கேம்பருக்குப் போய்விடும். பின்பிடிமானம் ஒரே கணத்தில் குறைந்து கார் சுழலக்கூடும்.

1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் ஊசல் அச்சு கைவிடப்பட்டு, ஒரே தண்டாலான பின்அச்சு பொருத்தப்பட்டது. கார் நிற்கும்போது அளந்த கேம்பர் பாதி உண்மையே. ஓடும்போது அது எப்படி மாறுகிறது என்பது மறுபாதி. ஹெரால்டு தரும் பாடம் இன்றைய கார்களுக்கும் பொருந்துகிறது.

மாருதியும் ஃபார்முலா காரும்

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும் இந்தியப் பந்தயத்தின் கார் மாறியது. முன்சக்கர இயக்கமும், முன்பக்கத்தில் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் அதன் அமைப்பு. இடம் குறைவாக எடுத்து விலையும் குறைவான இந்த அமைப்பில், பெரும்பாலான சாலைக் கார்களில் தொழிற்சாலை தருவது டோ சரிசெய்யும் வசதி மட்டுமே. கேம்பரை மாற்ற வேண்டுமானால் மையம் விலகிய போல்ட்டோ, ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்தும் தகடோ (கேம்பர் பிளேட்) தனியாகப் பொருத்த வேண்டும்.

கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பந்தயத்துக்கென்றே கட்டும் இத்தகைய கார்களில் சஸ்பென்ஷன் கைகளின் நீளத்தை மாற்றிக் கேம்பர், டோ ஆகியவற்றைத் தேவைக்கேற்பப் பொருத்துவது வழக்கம். எளிய விலையில் கிடைத்த இந்தக் கார் ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்குப் பயிற்சிக் களமாயிற்று. 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் ஓடியவரே. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார்.

இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம்

1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே அமைத்த நிலையான தடம் பயன்பாட்டுக்கு வந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இத்தடம் 3.7 கி.மீ. நீளமும் 12 திருப்பங்களும் கொண்டது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2000களின் தொடக்கத்தில் அமைந்த தடம் கரிவர்தன் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயர் பெற்றது. இதன் நீளம் ஏறத்தாழ 2.1 கி.மீ. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. நகரச் சாலைகளில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது.

நிலையான தடங்கள் வந்தபின் போட்டியாளர் அல்லாதவர்களும் கட்டணம் செலுத்தித் தங்கள் சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் டிராக் டே நிகழ்வுகள் சாத்தியமாயின. பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். எனவே வேகமாக ஓட்டிப் பார்க்க விரும்புபவருக்கு இதுவே முறையான வழி.

ஒரே கார், இரண்டு வேலை

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்திலுள்ள மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர் மதுரை, திண்டுக்கல் வழியாகச் செட்டிப்பாளையம் சென்று திரும்பினால் ஏறத்தாழ 500 கி.மீ. சாலையில் ஓட்ட வேண்டும். தடத்தில் 15 சுற்றுகள் வீதம் மூன்று முறை ஓட்டினாலும் 95 கி.மீ. தான் ஆகும். இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்வர ஏறத்தாழ 1,000 கி.மீ.; அங்கே 30 சுற்றுகள் ஓட்டினால் 111 கி.மீ. டிராக் டேக்குத் தன் காரிலேயே போகிறவரின் டயர் தடத்தைவிடச் சாலையில்தான் அதிகம் உருள்கிறது. பந்தயக் காரின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்வது இவருக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

இங்கே கேம்பரையும் டோவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து 0.1° விலகியிருந்தால், வடிவியல் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 500 கி.மீ. பயணத்தில் இது 870 மீட்டருக்கு மேல். விலகல் 0.3° ஆனால் 2.6 கி.மீ. தூரம் டயர் தேய்க்கப்படுகிறது. எதிர்ம கேம்பரும் உள்விளிம்பைத் தேய்க்கும் என்றாலும், அது தனியாக இருக்கும்போது தேய்மானம் மெதுவானது. கேம்பரோடு தவறான டோவும் சேர்ந்தால்தான் டயரின் உள்விளிம்பில் கம்பி தெரியும் அளவுக்கு விரைவில் தேய்கிறது. உள்விளிம்பு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். தடத்தில் ஓட்டி முடித்து, இரவில் நான்கு வழிச் சாலையில் குடும்பத்தோடு திரும்பும்போது டயர் வெடிக்கும் அபாயம் இங்கிருந்து வருகிறது.

எனவே தடத்துக்கான பிடிமானத்தைக் கேம்பரில் தேடி, டோவைச் சாலைக்கு ஏற்றபடி வைப்பதே இரண்டு வேலைக்கும் ஒத்துவரும் தீர்வு.

அளவுகளைத் தேர்ந்தெடுத்தல்

சாலை டயருடன் ஓடும் காருக்குக் கீழ்க்கண்ட அளவுகள் தொடக்கப் புள்ளியாக ஏற்கத்தக்கவை.

முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்கள்: முன்கேம்பர் −1.5° முதல் −2° வரை, முன்டோ சுழியம். பின்னால் முறுக்கு உத்திரம் (டார்ஷன் பீம்) உள்ள கார்களில் பொதுவாக மாற்ற வசதி இல்லை. தொழிற்சாலை அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பின்சக்கர இயக்கமுள்ள விளையாட்டுக் கார்கள்: முன்கேம்பர் −2° முதல் −2.5° வரை, பின்கேம்பர் −1.5° முதல் −2° வரை, முன்டோ சுழியம், பின்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 0.1° அளவில் டோ-இன். பின்சக்கரத்தில் டோ-அவுட் கூடாது. அதிவேகத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பகுதி நிலைகுலையும்.

காஸ்டர்: இருபுறமும் சமமாக, கார் அனுமதிக்கும் அளவுக்கு அதிகமாக. காஸ்டர் கூடினால் சக்கரம் திரும்பும்போது மட்டும் வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் எதிர்ம கேம்பர் கிடைக்கும். நேராக ஓடும்போது டயரைத் தேய்க்காது.

ஸ்ட்ரட் அமைப்புள்ள காரை ஸ்பிரிங் வெட்டி மிகத் தாழ்த்துவது பயன்தராது. கீழ்க்கை மேல்நோக்கிய கோணத்துக்குப் போய்விட்டால், வளைவில் எதிர்ம கேம்பர் கூடுவதற்குப் பதிலாகக் குறையும்.

அளக்கும் முறை

புதுச்சேரியில் இயங்கும் மனாடெக் உள்ளிட்ட நிறுவனங்களின் கணினி அளவைக் கருவிகள் இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்களின் டயர் கடைகளிலும் உள்ளன. கருவித் திரையில் பச்சை நிறம் வந்தால் போதும் என்று விடாமல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பச்சை என்பது தொழிற்சாலையின் சாலை வரம்பை மட்டுமே குறிக்கிறது. தடத்துக்காகக் கூட்டிய கேம்பரைக் கருவி சிவப்பாகவே காட்டும்.

வேலையின் வரிசை முக்கியமானது. முதலில் தேய்ந்த பந்துமூட்டுகளும் புஷ்களும் மாற்றப்பட வேண்டும். பிறகு காற்றழுத்தமும் காரின் உயரமும் சரிபார்க்கப்பட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான பாரம் வைக்கப்பட வேண்டும். அதன்பின் காஸ்டர், கேம்பர், கடைசியாக டோ. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் டோ எப்போதும் இறுதியில் வருகிறது.

தடத்தில் கருவி இல்லாதபோது காரின் இருபுறமும் இணையாக நூல் கட்டி, சக்கர வளையத்தின் முன், பின் விளிம்புகளிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தை அளந்து டோவைக் கணக்கிடலாம். தூக்குக்குண்டு நூலைக் கொண்டு கேம்பரை அறியலாம்: 400 மி.மீ. உயரத்தில் 7 மி.மீ. வேறுபாடு ஏறத்தாழ 1°. இரண்டுக்கும் சமதளம் வேண்டும்.

எண்களின் இறுதி நீதிபதி டயர்தான். தடத்திலிருந்து வந்தவுடன் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பநிலையை அளக்க வேண்டும். வெளிவிளிம்பு அதிகச் சூடாக இருந்தால் எதிர்ம கேம்பர் போதவில்லை. உள்விளிம்பு சில டிகிரி மட்டும் கூடுதலாக இருப்பது இயல்பு. நடுப்பகுதி மட்டும் சூடானால் குறை காற்றழுத்தத்தில் உள்ளது.

கேம்பர் போல்ட்டுகளை இறுக்கியபின் அவற்றின் மேல் பெயின்ட் கோடு இட்டு வைப்பது நல்ல வழக்கம். தடத்தை விட்டுக் கிளம்புமுன் அக்கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி இரு முன்டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. வீடு திரும்பும் நீண்ட சாலைக்கு இந்தச் சோதனை மிக அவசியம்.