திருத்திய முகமும் திரிந்த முகமும்



ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அக்கலை பிறந்து சில ஆண்டுகள் கழியுமுன்னரே, எடுத்த படத்தைத் திருத்தும் கலையும் பிறந்துவிட்டது. இன்று கைத்தொலைபேசியில் விரல்நுனியால் முகத்தை வெளுப்பாக்கிக் கன்னத்தை ஒடுக்கும் இளைஞர், புதியதொன்றைச் செய்துவிடவில்லை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால், படத்தை எவ்வளவு திருத்தலாம், எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

முதலில், திருத்தம் ஏன் வேண்டப்பட்டது என்பதைக் காண்போம். 1851இல் ஃபிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை, கண்ணாடித் தட்டிலே படம் பிடிக்க வழி செய்தது. அத்தட்டு நீல ஒளியைப் பெரிதும் உணரும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஏறத்தாழக் குருடு. ஆதலால் வெயிலிற் சிவந்த கன்னம் கறுத்துத் தோன்றியது. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிறு புள்ளிகள் மையைத் தெறித்தாற்போல் விழுந்தன. கபில நிற மேனி உள்ளதினும் கரியதாயிற்று. பிழை முகத்திலன்று, தட்டிலேதான் இருந்தது.

அப்பிழையைப் போக்கவே படப்பிடிப்பாளர் பென்சிலைக் கையில் எடுத்தனர். சாய்வான மேசையிலே எதிர்ப்படத்தை வைத்துப் பின்னிருந்து ஒளி பாய்ச்சுவர். அச்சில் கரிதாக விழும் புள்ளி, எதிர்ப்படத்தில் தெளிந்த இடமாகத் தோன்றும். அதன்மேல் கூரிய பென்சிலால் நுண்ணிய புள்ளிகள் இட்டால், அச்சில் அவ்விடம் வெளிறும். மாறாகக் கருமை வேண்டுமாயின், கத்திமுனையால் மெல்லச் சுரண்டுவர். மிகுந்த பொறுமையை வேண்டிய தொழில் அது.

ஆனால், குறையை நீக்க வந்த கருவி விரைவில் ஆசையை நிறைவேற்றும் கருவியாயிற்று. மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரே முகத்தைத் திருத்தாமல் ஒன்றும் திருத்தி ஒன்றுமாகக் காட்டினார் என்பர். அதன்பின் சுருக்கம் இல்லாத முதியோரும், மரு இல்லாத சீமான்களும் படங்களிற் பெருகினர். 1873இல் ஹேர்மன் ஃபோகல் என்பார், சாயங்களைச் சேர்த்தால் தட்டு ஏனைய நிறங்களையும் உணரும் எனக் கண்டார். 1906இல் எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. நோய் தீர்ந்தது, மருந்து உண்ணும் வழக்கமோ தீரவில்லை! 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷொப் என்னும் கணினிச் செயலி அவ்வழக்கத்தை எளிதாக்கியது. கைத்தொலைபேசி அதனை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டது.

இப்போக்கிற்கு மாறாக நின்ற ஒருவர் நம் நாட்டு மண்ணிலேயே உறங்குகிறார். ஜூலியா மார்கரெட் கமெரன் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863இல், தம் 48ஆம் வயதில், மகள் வழியாகப் பரிசாகப் பெற்ற கமெராவைக் கொண்டு இக்கலையிற் புகுந்தார். தட்டிலுள்ள கீறலையும் கறையையுங்கூட அவர் மறைக்கவில்லை. அதற்காக விமரிசகரின் ஏளனத்திற்கும் ஆளானார். 1867இல் அவர் எடுத்த வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷலின் படத்திலே, கலைந்த நரைமயிரும் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் அப்படியே உள்ளன. அச்சுருக்கங்களைத் துடைத்திருந்தால் அம்முதியவரின் சிந்தனையையும் துடைத்திருப்பார். 1875இல் இலங்கை வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879இல் மறைந்த அம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கின்றது.

இனி, நம் திரியாய்க்கு வருவோம். திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கு அப்பால் உள்ள இவ்வூரின் குன்றிலே பழைய பௌத்தத் தாது கோபுரமும், அதனைச் சூழ்ந்த கற்றூண்களும் உள்ளன. அருகே பல்லவர் காலத்துக் கிரந்தத்தை ஒத்த எழுத்தில், வடமொழியில் வெட்டிய கல்வெட்டு ஒன்றும் உண்டு. இத்தகைய கல்வெட்டைப் பதிப்பிக்கும் அறிஞர், தேய்ந்துபோன எழுத்தின் இடத்தைப் புள்ளியிட்டு விடுவர். ஊகித்துப் படித்ததை அடைப்புக்குறிக்குள் வைப்பர். பழஞ்சின்னங்களைப் பேணுதற்கு 1964இல் வெனிஸ் நகரிற் செய்த சாசனமும், ஊகம் தொடங்குமிடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றே விதிக்கின்றது. கல்லுக்கு உரிய இந்நீதி முகத்திற்கும் உரியதன்றோ?

இக்கேள்வி எங்களுக்கு வெறும் கலைக்கேள்வி அன்று. 1985இல் இவ்வூர் வீடுகள் எரியுண்டன. மக்கள் இடம்பெயர்ந்து நெடுங்காலம் வேற்றூர்களில் வாழ்ந்தனர். வீட்டோடு, சுவரிலிருந்த திருமணப் படங்களும் சாம்பலாயின. போர்க்காலத்தில் அடையாள அட்டையின்றி எவரும் வெளியே செல்லத் துணியார். ஆகவே, 1972 முதல் வழங்கப்பட்ட அவ்வட்டையில் ஒட்டிய சிறு கறுப்பு வெள்ளைப் படமே, பல குடும்பங்களில் ஒருவரின் ஒரே உருவமாக எஞ்சியது. அந்தியேட்டியன்று வெளியிடும் நினைவு மலரை நம்மவர் ‘கல்வெட்டு’ என்றே அழைப்பர். அதில் அச்சிடுவதற்காக அச்சிறு படத்தைப் பெரிதாக்கும்போது, வயல்வெயிலிற் கறுத்த அப்புவின் முகம் வெளுக்கின்றது. என்றுமே அணிந்திராத கோட்டு தோளில் ஏறுகின்றது. நெற்றித் தழும்பு மறைகின்றது. அவரைக் கண்டிராத பேரப்பிள்ளை, அப்படியொருவர் வாழ்ந்ததாகவே நம்பி வளரும். தீயில் எஞ்சியதைத் திருத்தத்தில் இழப்பது முறையாகுமா?

ஆயின் திருத்தவே கூடாதா? கூடும். கமெராவின் பிழையும் காலத்தின் பிழையும் திருத்தத்தக்கவை: மங்கிய ஒளி, மஞ்சள் படர்ந்த நிறம், கீறல், மடிப்பு, தூசு என்பன. ஒரு வாரத்தில் மறையும் பருவையும் நீக்கலாம். மச்சம், தழும்பு, சுருக்கம், மேனியின் நிறம் ஆகியவை அம்மனிதருக்கு உரியவை. அவற்றிற் கை வைத்தல் தகாது. வீட்டு முற்றத்தில் தற்செயலாக எடுத்த படமாயினும் இதுவே நெறி.

செய்முறையும் எளிதே. முதலில் மூலப்படத்தைத் தொடாது, பிரதியொன்றிற் பணி செய்க. ஒளியைச் சீராக்கிய பின்னரே முகத்தை நோக்குக. பாதிக் குறைகள் ஒளியோடு அகலும். செயலி எதனைத் தந்தாலும் அதன் வலிமையைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க. தோலின் நுண்துளைகள் மறைந்து முகம் மெழுகுபோல் ஆகுமாயின், எல்லை கடந்தாயிற்று என்று அறிக. ஓர் இரவு கழித்து, மூலத்தை அருகில் வைத்து மீண்டும் நோக்குக. முடிவில், அம்முகத்தை நன்கறிந்த ஒருவரிடம் காட்டுக. “நல்ல படம்” என்று அவர் சொன்னால் போதாது. “இது அவரேதான்” என்று சொல்ல வேண்டும்.

பழைய படப்பிடிப்பாளரின் பென்சில், கமெரா இழைத்த அநீதியை நீக்கப் பிறந்தது. நமது விரல்நுனியும் அவ்வளவோடு நிற்குமாயின், வருந்தலைமுறை தன் முன்னோரைக் கண்ணாரக் காணும்.